கம்ப்யூட்டருக்குள் சேரும் தூசி: தடுப்பதும் நீக்குவதும்

மாடல் கார், கப்பல், ரயில் போன்ற நுணுக்கமான சிறு பொம்மைகளைச் சேர்த்து வைப்பவர்கள், அவற்றைத் தூசியிலிருந்து காக்க எளிய வழி ஒன்றை வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவதுதான் அது. அவற்றைவிட நுணுக்கமான பாகங்களைக் கொண்ட கம்ப்யூட்டரையும் இப்படி மூடி வைத்தால் என்ன? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்கும் இந்த எண்ணம் வருவதுண்டு. சிலர் கம்ப்யூட்டர் மேசையில் உள்ள அறைக்குள் கேபினட்டை வைத்துக் கதவையும் சாத்திவிடுகிறார்கள்.

இது தவறு. பொம்மை சூடாவதில்லை, கம்ப்யூட்டர் சூடாகும். அந்தச் சூட்டை வெளியேற்ற, அது இயங்கும் நேரமெல்லாம் வெளிக்காற்று உள்ளே சென்று வந்து கொண்டே இருக்க வேண்டும். காற்று போகும் இடத்திற்குத் தூசியும் போகும். எனவே கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை தூசியை முழுமையாகத் தடுக்க முடியாது. வரும் அளவைக் குறைக்கலாம். வந்ததை அவ்வப்போது நீக்கலாம்.

தூசி என்ன செய்கிறது?

பிராசசர் சிப்பின் மேல் ஹீட் சிங்க் என்ற உலோகப் பகுதி இருக்கும். இதில் மெல்லிய தகடுகள் நெருக்கமாக வரிசையாக அமைந்திருக்கும். பிராசசரின் சூடு இந்தத் தகடுகளுக்குப் பரவ, அருகில் உள்ள ஃபேன் காற்றைச் செலுத்தி அதனை நீக்குகிறது. தகடுகளின் இடைவெளியில் தூசி அடைத்துக் கொண்டால் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பயன் இருக்காது.

சூடு அதிகமாகும்போது பிராசசர் தன்னைக் காத்துக் கொள்ள முதலில் தன் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். அதற்கும் மேல் சென்றால் கம்ப்யூட்டர் தானாகவே நின்றுவிடும். பல பிராசசர்களில் இந்த எல்லை 100 டிகிரி செல்சியஸை ஒட்டி அமைந்துள்ளது. அப்போது நீங்கள் சேவ் செய்யாமல் வைத்திருந்த வேலை போய்விடும். எழுதப்பட்டுக் கொண்டிருந்த பைல் கெட்டுப் போகவும் வாய்ப்பு உண்டு.

வைரஸா, தூசியா?

கம்ப்யூட்டர் மெதுவாக இயங்கினாலோ, திடீரென நின்றாலோ பலரும் வைரஸ் என்றே முடிவு செய்கிறார்கள். உடனே ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்து விண்டோஸை மீண்டும் பதிகிறார்கள். பேக்கப் எடுக்காத போட்டோக்களும் கடிதங்களும் போய்விடும். தூசி மட்டும் அப்படியே இருக்கும். நான்கு நாட்களில் பிரச்னை திரும்பி வரும். எனவே ஃபார்மட் செய்யும் முன் கீழே உள்ள அறிகுறிகளைக் கவனியுங்கள்.

* ஃபேன் சத்தம் முன்பைவிட அதிகமாக இருக்கிறதா?
* கேம்ஸ், வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலைகளின் போதுதான் வேகம் குறைகிறதா?
* எந்தச் செய்தியும் தராமல் நின்று, சற்று ஆறிய பின் ஒழுங்காக இயங்குகிறதா?

இவை சூட்டினால் ஏற்படும் அறிகுறிகள். உறுதி செய்து கொள்ள, கோர் டெம்ப் போன்ற இலவச புரோகிராம் மூலம் பிராசசரின் வெப்ப நிலையைப் பாருங்கள். பல கம்ப்யூட்டர்களில் பயாஸ் திரையிலும் இதனைக் காணலாம். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், பின்னர் தேவைப்படும். ஆன் செய்தவுடனேயே நின்றுவிட்டால் பவர் சப்ளை போன்ற வேறு காரணம் இருக்கலாம். அதற்கு டெக்னீஷியனைத்தான் நாட வேண்டும்.

எங்கே வைப்பது?

தரையில் தூசி அதிகம். பெருக்கும்போது எழும் தூசி நேராகக் கேபினட்டுக்குள் போகும். எனவே சிறு ஸ்டாண்ட் அல்லது மேசை மீது வையுங்கள். பின்பக்கத்திற்கும் சுவருக்கும் இடையே நான்கு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். கொசுவத்திப் புகை, ஊதுபத்திப் புகை, சமையல் எண்ணெய்ப் புகை ஆகியவை தூசியைப் பிசுபிசுப்பாக்கி ஒட்ட வைக்கும். இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். பல கேபினட்களில் மேல்பக்கத்திலும் காற்றுத் துளைகள் இருக்கும். அழகுக்காக அதன் மேல் பொம்மைகளையோ துணியையோ வைத்து மூடிவிடாதீர்கள். பிளாஸ்டிக் கவர் போடுவதானால் ஷட் டவுன் செய்து, சூடு ஆறிய பிறகே போட வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை

முதலில் வாரண்டி அட்டையைப் பாருங்கள். கேபினட்டில் சீல் ஒட்டியிருந்தால், விற்றவரிடம் கேட்காமல் திறக்க வேண்டாம். தேவையானவை: பயன்படுத்தாத மென்மையான பெயிண்ட் பிரஷ், கைகளால் அமுக்கும் ரப்பர் ஏர் புளோயர் அல்லது கேனில் அடைத்து விற்கும் காற்று, மூக்கை மூட ஒரு துணி.

1. ஷட் டவுன் செய்து, பவர் கேபிளையும் மற்ற கேபிள்களையும் கழற்றுங்கள். எது எங்கே இருந்தது என்பதை மொபைலில் படம் எடுத்து வைத்துக் கொள்ளலாம்.

2. கேபினட்டைப் பால்கனி போன்ற காற்றோட்டமான இடத்திற்குக் கொண்டு சென்று பக்கவாட்டு மூடியைத் திறங்கள்.

3. உள்ளே கை வைக்கும் முன் கேபினட்டின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். நம் உடலில் சேரும் நிலை மின்சாரம், நாம் உணர முடியாத அளவில் இருந்தாலும் சிப்களைக் கெடுத்துவிடும்.

4. ஃபேன் இறக்கையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக் கொண்டு காற்றடியுங்கள். இல்லையென்றால் அது அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றிப் பழுதாகலாம். ஒட்டியிருக்கும் தூசியைப் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டிவிடுங்கள்.

5. ஹீட் சிங்கைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் அதன் அடியில் உள்ள தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் பூச வேண்டியிருக்கும்.

6. கேபினட்டில் கழற்றக்கூடிய தூசி வலை இருந்தால் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பின் மாட்டுங்கள்.

காற்றுக் கேனை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். சாய்த்தால் உள்ளிருக்கும் குளிர்ந்த திரவம் பீறிட்டு வரும். இதில் எளிதில் தீப்பிடிக்கும் வாயு இருப்பதுண்டு. எனவே அடுப்பு, விளக்கு அருகே பயன்படுத்தக் கூடாது. அதனை முகர்வதும் ஆபத்து.

செய்யக் கூடாதவை

பவர் சப்ளை பெட்டியைத் திறக்காதீர்கள். கேபிளைக் கழற்றிய பின்னும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து காற்றடித்தால் போதும். வீட்டு வேக்குவம் கிளீனர் குழாயை மதர்போர்டு அருகே கொண்டு செல்லாதீர்கள். அதில் நிலை மின்சாரம் உருவாகும். ஈரத் துணி உள்ளே கூடவே கூடாது.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதனை மெத்தை, தலையணை மீது வைத்து இயக்க வேண்டாம். அடியில் உள்ள துளைகள் அடைபட்டுவிடும். ஆஃப் செய்து, வெளித் துளைகளில் மட்டும் புளோயரால் காற்றடிக்கலாம். உள்ளே சுத்தம் செய்வதைச் சர்வீஸ் சென்டரில் விடுவதே நல்லது.

வேலை முடிந்து மூடியை மாட்டிய பின், அதே புரோகிராமைத் திறந்து அதே வேலையைச் செய்யும்போது வெப்ப நிலை எவ்வளவு எனப் பாருங்கள். முன்பு குறித்து வைத்த எண்ணைவிடக் குறைந்திருந்தால் காரணம் தூசிதான். குறையவில்லை என்றால் ஃபேன் ஒழுங்காகச் சுற்றுகிறதா எனப் பார்க்க வேண்டும்.

நம்மில் பலர் ஆயுத பூஜையின் போது மட்டும் கம்ப்யூட்டரைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். பொட்டு வைக்கும்போது குங்குமம் காற்றுத் துளைகளில் விழாமல் பார்த்துக் கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை சுத்தம் செய்வது நம் ஊர்த் தூசிக்குப் போதாது. மூன்று மாதங்களுக்கு ஒரு முறை துளைகளையும் வலையையும் பார்த்து, தூசி படிந்திருந்தால் அன்றே நீக்கிவிடுங்கள்.