பங்குனி, சித்திரையில் தூண்டில் போடலாமா?

மார்ச் பிறந்தால் குளிர்நாடுகளில் பனி உருகி, தூண்டில்காரர்கள் வசந்தகாலம் வந்துவிட்டதென்று கிளம்பிவிடுவார்கள். நம் பினாங்கில் பனியும் இல்லை, வசந்தமும் இல்லை. ஆனாலும் பாயான் லெப்பாஸ் கரையோரம் தூண்டிலோடு நிற்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பங்குனி, சித்திரை மாதங்கள் தனி ரகம் என்பார்கள். தொழிற்பேட்டையில் இரவு வேலை முடிந்ததும் தூக்கத்தை ஒத்திவைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போகும் கூட்டத்தில் நானும் ஒருவன். இந்தப் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக நினைப்பவர்களுக்காக, நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

காற்று ஓயும் காலம்

வடகிழக்குப் பருவக்காற்று மார்ச் மாதத்தில் தணிகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மே இறுதி வாக்கில்தான் நிலைபெறும். இடைப்பட்ட வாரங்களில் காற்றுக்கு நிலையான திசையோ வேகமோ இல்லை. காலை வேளையில் ஜெரெஜாக் தீவுக்கும் கரைக்கும் நடுவே கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். கப்பலில் வந்த நம் முன்னோர் பலரை நோய்த் தடுப்புக்காகத் தங்கவைத்த தீவு அது. இன்று அதைப் பார்த்தபடி அவர்களின் பேரப்பிள்ளைகள் தூண்டில் போடுகிறோம்.

கடல் நீரின் வெப்பம் இந்த மாதங்களில் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். நீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். அதனால் உச்சி வெயிலில் மீன்கள் ஆழத்துக்கோ நிழலுக்கோ ஒதுங்கிவிடும். விடியற்காலையும் அந்திக்குப் பிந்திய நேரமும்தான் கை கொடுக்கும். பகலில் படகில் போகிறவர்கள் பாலத் தூண்களைத் தேடுவதும் இதனால்தான். 1985இல் திறந்த முதல் பாலமும், 2014இல் பத்து மாவுங்கிலிருந்து பத்து காவான் வரை திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலமும் மீன்களுக்கு நிழற்குடைகள். தூண்களில் ஒட்டும் சிப்பியையும் பாசியையும் நாடிச் சிறுமீன் வரும். அதைத் தேடிப் பெருமீன் வரும். தூணில் மட்டும் படகைக் கட்டாதீர்கள். நீரோட்டம் திரும்பினால் படகு தூணில் மோதும்.

கடிகாரத்தைவிட நிலா முக்கியம்

இங்கே ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம். மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்ட வேறுபாடு அதிகம். மார்ச் 21 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டின் மேல் நிற்பதால், பங்குனி உத்திரத்தை ஒட்டிய நாட்களில் ஓட்டம் இன்னும் வலுக்கும். அப்போது சேறு கிளம்பி நீர் கலங்கிவிடும். கனமான ஈயக்குண்டும் வாசனை வீசும் இறாலும் வேண்டும். அரைநிலா நாட்களில் ஓட்டம் தளர்ந்து நீர் தெளியும். அப்போது செயற்கை இரையும் எடுபடும். எந்த நாளானாலும், நீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் மீன் அதிகம் கடிக்காது. அது திரும்பி ஓடத் தொடங்கும் முதல் இரண்டு மணி நேரத்தைக் குறிவைத்துப் போங்கள்.

பெரியதை விட்டுவிடுங்கள்

இந்தக் கரையில் எல்லோரும் எதிர்பார்ப்பது சியாகாப்பும் செனாங்கினும்தான். தமிழ்நாட்டில் இவை கொடுவா, காலா. இரண்டுக்கும் ஒரு விசித்திரம் உண்டு. ஆணாக வாழ்க்கையைத் தொடங்கி, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன்கள் இவை. நான்கு கிலோவைத் தாண்டிய சியாகாப்பில் பெரும்பாலானவை தாய்மீன்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் இலட்சக்கணக்கான முட்டைகள் இருக்கலாம். படம் எடுத்துப் பெருமைப்படத் தோன்றும் அந்தப் பெரிய மீனைக் கொன்றால், அடுத்த தலைமுறையின் பெரும்பங்கைச் சேர்த்தே கொல்கிறோம். வீட்டுக் குழம்புக்கு நடுத்தர மீன் ஒன்று போதும்.

விடுவதற்கும் முறை உண்டு. வெந்நீர்க் கடலில் நெடுநேரம் போராடிய மீன் களைத்திருக்கும். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். முள்ளின் கொக்கியை முன்கூட்டியே இடுக்கியால் நசுக்கி வைத்தால் சீக்கிரம் கழற்றலாம். நீரில் தாங்கிப் பிடித்து, அது தானாக நீந்தும்வரை விடாதீர்கள்.

மின்னலும் முள்ளும்

காலையில் அமைதியாக இருந்த கடல் மாலையில் ஆளை மாற்றிக்கொள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை வாடிக்கை. உலகில் மின்னல் அதிகம் விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. கார்பன் தூண்டில் கோல் மின்சாரத்தைக் கடத்தும். இடிச் சத்தம் கேட்டவுடன் கோலைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகாமல் திரும்பாதீர்கள். ஏப்ரல் முதல், விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயல்காற்றும் வரும். மேற்கே கறுத்த மேகச் சுவர் தெரிந்தால் படகைக் கரைக்குத் திருப்ப வேண்டும். மெட்மலேசியாவின் மைச்சுவாச்சா செயலியைக் கைபேசியில் வைத்திருப்பது நல்லது. பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கி கட்டாயம்.

செம்பிலாங் கெளுத்தி மாட்டினால் கையால் தொடவேண்டாம். அதன் முதுகிலும் பக்கத்திலும் நச்சு முட்கள் உண்டு. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காயத்தை முக்கி வையுங்கள். வலி தணியும். பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள்.

யாருடைய கடல்?

நமக்கு இது விடுமுறைப் பொழுதுபோக்கு. தெலுக் கும்பார், கெர்தாக் சங்குல் மீனவர்களுக்கு இதுவே சோறு. தென்கரையில் மூன்று தீவுகள் உருவாக்கும் திட்டம் 2023இல் ஒரே தீவாகச் சுருங்கியது. 2,300 ஏக்கர் சிலிக்கான் தீவுக்குக் கடலை நிரப்பும் வேலையும் அந்த ஆண்டே தொடங்கியது. கரையோர மீனவர்கள் பல ஆண்டுகளாக எதிர்த்த திட்டம் அது. மின்னணுத் தொழிற்சாலைச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் என்னிடம் இதற்குச் சுலபமான விடை இல்லை. வேலையும் வேண்டும், மீனும் வேண்டும்.

என்னால் முடிந்தது சின்ன விஷயம். மீனவர் வலை கட்டியிருக்கும் இடத்தில் நான் தூண்டில் வீசுவதில்லை. அறுந்த நரம்பைக் கடலில் விடாமல் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்கிறேன். தாய்மீனை விட்டுவிடுகிறேன். இந்த மூன்றையும் உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். தூண்டில் வீசக் கற்றுக்கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.