பதின்மூன்று என்னிடம், ஒன்று அண்ணனிடம்

சென்ற மாதம் பினாங்கு போயிருந்தபோது, வழக்கம்போல் சௌராஸ்தா சந்தையின் மேல்மாடிக்கு ஏறினேன். பழைய புத்தகக் கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே, “வாம்மா, உன் புலி வந்துருச்சு” என்றார். ‘டைகர் அட்வென்ச்சர்’! நான்கு வருடமாகத் தேடியது. அட்டையின் ஒரு மூலை மடங்கியிருந்தது, அவ்வளவுதான். 15 வெள்ளி. பேரம் பேசவில்லை.

வில்லர்ட் பிரைஸை உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். 1887-இல் கனடாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 1949-இல் ‘அமேசான் அட்வென்ச்சர்’ தொடங்கி 1980-இல் ‘ஆர்க்டிக் அட்வென்ச்சர்’ வரை 14 கதைகள் எழுதினார். கடைசிக் கதை வந்தபோது அவருக்கு வயது 90-ஐத் தாண்டிவிட்டது. ஹால், ரோஜர் என்ற அண்ணன் தம்பி, அப்பாவின் விலங்குப் பண்ணைக்காக உலகம் சுற்றி விலங்குகளை உயிரோடு பிடிப்பார்கள். எல்லாக் கதையும் ஏறக்குறைய அதுதான். (பெண்பிள்ளைகளைத் தேடாதீர்கள், கிடைக்க மாட்டார்கள்.)

லோரி ஓட்டிய அப்பா, ஒன்று 50 காசு என்று இவற்றை எங்கிருந்தோ வாங்கி வருவார். அண்ணனும் நானும் தமிழ்ப்பள்ளி மாணவர்கள். இரவில் அண்ணன் ஆங்கிலத்தில் படித்து எனக்குத் தமிழில் சொல்வான். தெரியாத சொல் வந்தால் நிறுத்த மாட்டான், கதையை அவனே ஓட்டிவிடுவான். பிடித்த அனகோண்டாவை ஹால் குழம்பு வைத்துவிட்டான் என்று நான் இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

1998-இல் அப்பாவுக்கு வேலை போனது. சின்ன அடுக்குமாடி வீட்டுக்கு மாறினோம். புத்தகப் பெட்டி பழைய பேப்பர் லோரியில் எடைக்குப் போனது. அன்று அப்பா எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வானொலியில் முதல் சம்பளம் வாங்கியதும் மீண்டும் சேர்க்கத் தொடங்கினேன். எனக்குப் பழைய ‘நைட் புக்ஸ்’ பதிப்புகள்தான் வேண்டும். பின்னால் வந்த ‘ரெட் ஃபாக்ஸ்’ பதிப்பில் கதை அதேதான், ஆனால் கையில் எடுத்தால் அப்பா கொண்டுவந்த புத்தகமாக இல்லை. வாங்குமுன் பின்னட்டை விலையைப் பாருங்கள். பிரிட்டன் 1971 பிப்ரவரியில்தான் தசம நாணயத்துக்கு மாறியது. எனவே ஷில்லிங், புது பென்ஸ் இரண்டும் அச்சாகியிருந்தால், புத்தகம் அந்த மாற்றத்தை ஒட்டிய காலத்தது. பிறகு முதுகைப் பாருங்கள். பழைய பசை காய்ந்திருந்தால், முழுதாக விரிக்கும்போது பக்கங்கள் கையோடு வந்துவிடும்.

நம் ஊர் ஈரக்காற்றுதான் பெரிய எதிரி. பழுப்புப் புள்ளி, பூஞ்சை, ராமபாணப் பூச்சி மூன்றும் சேர்ந்தே வரும். நான் வெயிலில் வைப்பதில்லை, அட்டை வெளுத்துவிடும். மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு அலமாரியில் வைக்கிறேன். கிழிசலுக்கு மட்டும் செல்லோடேப் வேண்டவே வேண்டாம்.

போன வாரம் எட்டு வயது மகளுக்கு ‘எலிஃபண்ட் அட்வென்ச்சர்’ படித்துக் காட்டினேன். 1964-இல் வந்தது. சபாவில் செப்பிலோக் ஓராங் ஊத்தான் மையம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். பள்ளி விடுமுறையில் அங்கே போய் வந்தவள், பாதியில் நிறுத்தினாள். “அம்மா, அதைக் காட்டுல விட்டாத்தானே நல்லது? ஏன் பிடிக்கிறாங்க?” என்னிடம் பதில் இல்லை. “அப்போ அப்படித்தான் நினைச்சாங்க” என்றேன். அவளுக்கு அது போதவில்லை, எனக்கும்தான். ஆப்பிரிக்கர்களைப் பற்றிய சில வரிகளை நான் வாய்விட்டுப் படிக்காமல் தாண்டியதையும் சொல்லியாக வேண்டும். 2012-இல் அந்தோணி மக்கோவன் இத்தொடரைப் புதிதாகத் தொடர்ந்தபோது, ஹால், ரோஜரின் பிள்ளைகளை விலங்குகளைக் காப்பாற்றத்தான் அனுப்பினார். மகளுக்கு அடுத்து அதை வாங்கித் தரப்போகிறேன்.

புலி கிடைத்ததைச் சொல்ல ஜொகூரில் இருக்கும் அண்ணனை அழைத்தேன். “இப்போ பதின்மூணு. ‘வேல் அட்வென்ச்சர்’ மட்டும்தான் பாக்கி” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“அது என்கிட்ட இருக்கு” என்றான். லோரி வந்த அன்று சட்டைக்குள் ஒளித்து வைத்தானாம். இத்தனை வருடம் மூச்சு விடவில்லை.

கொடு என்றேன். முடியாது என்கிறான். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தால் படித்துக் காட்டுகிறானாம்.