கம்பி மாட்டுமுன் எழும் கவலைகள்

புதூர்நாட்டிலிருந்தும் நெல்லிவாசலிலிருந்தும் பேருந்தில் மலையிறங்கி எங்கள் பல் மருத்துவப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர், முதலில் கேட்பது கம்பியைப் பற்றியன்று. "மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கிவிடுமாமே, டாக்டர்?" என்பதே அவர்களது முதற்கேள்வி. திருப்பத்தூர் நகரத்தாரும் இதையே கேட்கின்றனர். சற்றுத் தயங்கிக் கேட்கின்றனர், அவ்வளவுதான்.

மங்காது. பல்லின் உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பு வேறு. பார்வையைக் கொண்டுசெல்லும் நரம்பு வேறு. மேலும், கம்பி மாட்டும் எல்லோருக்கும் பல்லை எடுக்க வேண்டியதில்லை. தாடையில் இடம் போதாமல் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்போதோ, முன்பற்கள் மிகவும் துருத்தியிருக்கும்போதோ மட்டுமே, பெரும்பாலும் கோரைப்பல்லுக்கு அடுத்துள்ள சிறிய கடைவாய்ப்பல்லை எடுக்கிறோம். அந்த இடைவெளிக்குள் மற்றப் பற்கள் நகர்ந்துவிடும்.

அடுத்த அச்சம் வலி. இதில் நாங்கள் பொய்யான ஆறுதல் சொல்வதில்லை. கம்பி மாட்டிய சில மணி நேரத்தில் பற்களில் ஓர் இறுக்கம் தொடங்கும்; மறுநாள் மிகும்; பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கும். அந்நாட்களில் மருத்துவர் எழுதித் தரும் பாராசிட்டமால் போதுமானது. கன்னத்திலும் உதட்டிலும் கம்பி உராய்ந்து புண்ணானால், அதற்கென நாங்கள் தரும் மெழுகை உருட்டி அவ்விடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். வெதுவெதுப்பான உப்புநீரால் வாய் கொப்பளிக்கலாம்.

பல் ஆடுவதைக் கண்டு சிலர் பதறி ஓடி வருகின்றனர். சற்றே ஆடுவது இயல்பானது. பல் எலும்பில் ஆணிபோல் அறைந்து வைக்கப்பட்டதன்று. மெல்லிய நார்த்திசு ஒன்று அதைத் தாங்கி நிற்கிறது. கம்பி மெதுவாக அழுத்தும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது; எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. இவ்வாறு பல் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நகரும். சிகிச்சை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை நீள்வது இதனாலேயே. மகளின் திருமணத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில் அழைத்து வருவோரிடம் நாங்கள் கைவிரிக்க நேர்வதும் இதனாலேயே. விரைவுபடுத்த விசையைக் கூட்டினால் வேருக்குத்தான் கேடு.

தெத்துப்பல் எல்லாவற்றுக்கும் கம்பி தேவை என்பதும் எங்கள் கருத்தன்று. கடிக்கவும் மெல்லவும் துலக்கவும் தடையில்லாமல், அந்தப் புன்னகையோடு பிள்ளையும் மகிழ்ச்சியாக இருந்தால், அதை அப்படியே விட்டுவிடலாம்.

இப்பகுதிக்கு உரிய கவலை ஒன்றும் உண்டு. அண்டையிலுள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருப்பது யாவரும் அறிந்ததே. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் அதன் பொருட்டே. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள நீரைச் சிறுவயதில் தொடர்ந்து பருகியவர்களின் பற்களில் வெள்ளைத் திட்டுகளோ பழுப்புக் கறையோ படியக்கூடும். "கறைப்பல்லில் கம்பி நிற்குமா?" என்கின்றனர். நிற்கும். ஆனால் அத்தகைய எனாமலில் பசை உறுதியாகப் பற்றுவது கடினம் என்பதால், ஒட்டிய வில்லைகள் அடிக்கடி பெயரலாம். இதை முன்னரே அறிந்தால் அதற்கேற்ற முறையில் ஒட்ட முடியும். ஆகவே பிள்ளை எந்தக் கிணற்று நீர், எந்த ஆழ்துளை நீர் குடித்து வளர்ந்தது என்று நாங்கள் கேட்டால் வியக்க வேண்டாம். கவரிங் நகை அணிந்தால் தோல் அரிக்குமென்றால் அதையும் சொல்லுங்கள். கம்பியில் நிக்கல் கலந்திருக்கிறது.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சாமைச்சோறு, கேழ்வரகுக் களி, இட்டிலி எல்லாம் நல்லவை. ஆம்பூர்ப் பிரியாணிக்கும் தடையில்லை. எலும்பைக் கடிப்பதற்குத்தான் தடை. முறுக்கு வேண்டாம். கரும்பைச் சாறாக அருந்தலாம். கொய்யாவை நறுக்கியும், பலாச்சுளையைச் சிறு துண்டுகளாக்கியும் உண்ணலாம். தேன் சுவைத்தால் உடனே வாய் கொப்பளிக்க வேண்டும்.

இவை எல்லாம் நோயாளிகளின் கவலைகள். எங்கள் கவலை வேறு. இரண்டு செய்திகளைப் பற்றியது.

முதலாவது, வீட்டில் செய்துகொள்ளும் வைத்தியம். முன்பற்களின் இடைவெளியை மூடச் சாதாரண ரப்பர் வளையத்தைப் பற்களைச் சுற்றி மாட்டுவோர் உளர். பல் ஈறுப் பக்கம் குறுகிச் செல்வதால், வளையம் மெல்ல மேலேறி ஈறுக்குள் மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாமலேயே வேரைச் சுற்றியுள்ள எலும்பை அரிக்கும். நலமாயிருந்த இரண்டு முன்பற்களை இழக்கவும் நேரிடலாம். இதை எவரும் செய்யாதீர்கள். செய்திருந்தால் மறைக்காமல் உடனே வந்து காட்டுங்கள்.

இரண்டாவது, இடையில் நின்றுபோவது. கம்பி மாட்டிய பின் அறுவடை வரும், தேர்வு வரும், மழையில் மலைப்பாதை அடைபடும், பேருந்துச் செலவு கையைக் கடிக்கும், வருகை நின்றுவிடும். கம்பியோ ஓய்வெடுப்பதில்லை. நாங்கள் பாராத மாதங்களிலும் அது பல்லை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு வில்லை பெயர்ந்திருந்தால் தவறான திசையிலும் இழுக்கும். சரிவரத் துலக்காத வாயில் வில்லைகளைச் சுற்றிச் சுண்ணச்சத்து கரைந்து, என்றும் மறையாத வெண்புள்ளிகள் தோன்றும். கோணலாயினும் உறுதியாக இருந்த பல், சொத்தைப் பல்லாகிவிடும்.

ஆகவே உங்கள் வீட்டின் தொலைவை முதல் நாளே எங்களிடம் சொல்லுங்கள். அதில் கூச்சம் எதற்கு? 1970-களில் பல் சீரமைப்புக்கு வந்த நிக்கல்-டைட்டானியம் கம்பி, வளைத்தாலும் தன் வடிவத்துக்கே மெல்லத் திரும்பும் இயல்புடையது. நெடுநாள் ஒரே சீராக விசை தரும். அதனால் தக்கவர்களுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை வந்தால் போதும் எனத் திட்டமிட முடிகிறது. அதுவும் இயலாத சூழலெனில், பிள்ளை விடுதியில் தங்கி நகரத்தில் படிக்கத் தொடங்கும்வரை காத்திருப்பதே நலம். வயது கடந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். ஈறும் எலும்பும் நலமாயிருந்தால் நாற்பதிலும் பல் நகரும். செலவு தடையாயின், சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு நிறுவனங்களை நாடலாம். பரிந்துரைக் கடிதம் எழுதித் தருகிறோம்.

கம்பி குத்தினால் மெழுகை ஒட்டிவிட்டு எங்களுக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். வீட்டுக் குறடால் வெட்ட வேண்டாம். பெயர்ந்த வில்லையைத் தெரியாமல் விழுங்கிவிட்டால் அது பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் மட்டும் ஒரு நொடியும் தாமதியாமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

கம்பியைக் கழற்றும் நாளில் வீட்டார் இனிப்போடு வருகின்றனர், நாங்களும் உண்கிறோம். ஆயினும் அன்று தரும் நிலைநிறுத்தும் தகட்டை அணியாவிட்டால், பற்கள் பழைய இடத்துக்கே திரும்பத் தொடங்கும். தகட்டைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துத் தொலைப்பவர்களே மிகுதி. அதற்கெனக் கொடுத்த டப்பாவிலேயே வையுங்கள். வெந்நீரில் கழுவாதீர்கள், வளைந்துவிடும்.