‘குடும்ப நோய்’ என்னும் பழி

1930-இல் மலேசியாவின் சுங்கை பூலோவில் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு தனி ஊராகவே இயங்கியது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பள்ளிக்கூடம், சிறைச்சாலை எல்லாம் உள்ளேயே. அங்கு மட்டும் செல்லுபடியாகும் பணத்தாள்கூட இருந்தது. அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வெளியே அனுப்பினார்கள். டாப்சோன் போன்ற மருந்துகள் வந்தபின் நோய் கட்டுக்குள் வந்தது. ஆனாலும் குணமானவர்களில் பலர் வீடு திரும்பாமல் அங்கேயே பூச்செடி வளர்த்து விற்றுப் பிழைத்தார்கள். மருந்து கிருமியைக் கொன்றது. அறுந்த உறவு அறுந்தபடியே இருந்தது. அரிய மரபணு நோயோடு வாழும் பெரியவர்களுக்கும் இதே கதி நேரலாம்.

தொழுநோய் தொற்றக்கூடியது, மரபணு நோய் தொற்றாது, இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 1847-இல் நார்வே மருத்துவர்கள் டேனியல்சனும் பெக்கும் தொழுநோயைப் பரம்பரை நோய் என்றே எழுதினார்கள். 1873-இல் மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்த பிறகே அந்தக் கருத்து ஆட்டங்கண்டது. கிருமியோ பரம்பரையோ, ஊர் முதலில் கைவைப்பது நோயாளியின் கல்யாணத்திலும் பிள்ளைப்பேற்றிலும்தான்.

அரிய நோய்களில் பெரும்பாலானவை மரபணு சார்ந்தவை. குழந்தைப் பருவத்திலேயே தலைகாட்டுபவை. அதனால் சிகிச்சையும் குழந்தை மருத்துவத்தைச் சுற்றியே வளர்ந்தது. முப்பது வயதைத் தொட்டவரிடம் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்பவர் உண்டு. வேலை, துணை, தனிமை பற்றிக் கேட்பவர் குறைவு. உறவினரோ, “குடும்ப நோயாச்சே, யார் பெண் கொடுப்பார்கள்?” என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். அறிவியல் அப்படி முடிப்பதில்லை. கோஷே என்னும் அரிய மரபணு நோயை எடுத்துக்கொள்வோம். பழுதுபட்ட மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் அந்த நோய் வரும். நோயுள்ளவர் அந்த மரபணு இல்லாத ஒருவரை மணந்தால் பிள்ளைகள் அதைச் சுமப்பார்கள், நோயாளி ஆகமாட்டார்கள். மரபணுவின் ஒரே பிரதி பழுதானாலே வரும் நோய்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு. நோய்க்கு நோய் கணக்கு மாறும். எல்லாவற்றுக்கும் ஒரே தடை போடுவது அறியாமை.

மருந்துக்கே பணமில்லாதபோது மனநலமும் கல்யாணமும் ஆடம்பரமல்லவா என்பார்கள். கோஷே நோய்க்கான என்சைம் மருந்து விலை மிகுந்தது, உண்மை. ஆனால் அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க ரத்தநாளத்தில் ஏற்ற வேண்டும். வேலையும் துணையும் இல்லாதவர் அந்த ஒழுங்கைக் காப்பது கடினம். ஆகவே, மரபணு ஆலோசகரும் உளவியலாளரும் வேலைவாய்ப்பு வழிகாட்டலும் பதினெட்டு வயதோடு நின்றுவிடாமல் தொடர வேண்டும். வரன் பார்ப்பவர்களும் ‘குடும்ப நோய்’ என்று சொல்லும் முன் ஒரு மரபணு ஆலோசகரைக் கேட்கட்டும்.