நோய்க்காலத்தில் ஒன்றரை மணி நேர ஆகாயப் பிரயாணம்

காற்றை அறிந்த ஊர்

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாயின் வழியே மேற்கிலிருந்து இறங்கி வந்து, நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றி, மத்திய சர்க்காரின் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் தன் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை இங்கேயே அமைத்துக்கொள்ளும்படி செய்த காற்றோடு பிறந்து வளர்ந்தவர்கள் கயத்தாற்றுக்காரர்கள். ஓடுகிற காற்று அடுப்புப் புகையை நொடியில் துடைத்துக்கொண்டு போவதையும், கதவடைத்த அறைக்குள் அதே புகை கண்ணைக் கரிக்கும்படி தேங்கி நிற்பதையும் எங்கள் வீட்டுப் பெண்கள் எந்தப் புத்தகமும் படியாமலே அறிவார்கள். சுவாசத்தின் வழியே பரவும் நோய்களைக் குறித்து வைத்திய சாஸ்திரம் சொல்வதன் சாரமும் ஏறக்குறைய இதுதான்.

2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கொரோனா நோயின் காரணமாகச் சென்னைக்கு ரயிலும் பேருந்தும் ஓடாதிருந்த அந்த நாட்களில், இருதய சிகிச்சைக்காகச் சென்னை போய்ச் சேரவேண்டிய கட்டாயத்திலிருந்த எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், திண்ணையின் மறு ஓரத்தில் துண்டால் வாயை மூடிக்கொண்டு நின்று, "ஏன் சார், பிளேன்ல ஏறினா சீக்கு ஒட்டிக்கிடும்னு சொல்லுதாங்களே, நெசந்தானா?" என்று கேட்டார். காரில் போனால் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். அன்று அவசரத்தில் இரண்டொரு வார்த்தை சொல்லி அனுப்பினேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய முழுப் பதில் இந்தக் கட்டுரை.

ஆகாயத்தில் இருக்கும்போது

அவ்வாண்டு மார்ச் 25ஆம் தேதி நிறுத்தப்பட்ட உள்நாட்டு விமானங்கள் சரியாக இரண்டு மாதம் கழித்து மே 25ஆம் தேதி மறுபடியும் புறப்பட்டபோது, நூற்றுக்கணக்கானவர்களை ஒரு குழாய்க்குள் அடைத்து வைக்கிற வாகனம் நோயின் கூடாகத்தானே இருக்கும் என்ற அச்சம் ஜனங்களிடையே பரவியிருந்தது. அச்சம் நியாயமானதே, ஆனால் அதன் இலக்குத்தான் சற்றுப் பிசகியிருந்தது. பெரிய ஜெட் விமானம் பறந்துகொண்டிருக்கையில் அதன் உள்ளே இருக்கும் காற்று இரண்டு மூன்று நிமிஷங்களுக்கு ஒருமுறை முற்றிலும் மாற்றப்படுகிறது. அதில் ஏறக்குறையப் பாதி வெளியாகாயத்திலிருந்து புதிதாக எடுக்கப்படுவது. மற்றப் பாதி, நுண்துகள்களில் 10,000க்கு 9,997ஐப் பிடித்து நிறுத்தவல்ல ஹெப்பா என்னும் வடிகட்டியினூடே சென்று திரும்புவது. அந்தக் காற்று விமானத்தின் நெடுக முன்னும் பின்னுமாக அலைவதில்லை. தலைக்கு மேலிருந்து புறப்பட்டு, அந்தந்த வரிசையிலேயே இறங்கி, காலடியில் பக்கச் சுவரோரமாக வெளியே இழுக்கப்படுகிறது. இத்தனை வேகமாகக் காற்று மாறுகிற கல்யாண மண்டபமோ, சினிமாக் கொட்டகையோ நம் ஊர்ப்பக்கம் ஒன்றும் இல்லை.

தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் இடையே பறந்து வருபவை பெரும்பாலும் ஏ.டி.ஆர். என்னும் சிறு விசிறி விமானங்கள். அத்தகைய சிறு விமானங்கள் அனைத்திலும் அவ்வகை வடிகட்டி உண்டென்று நாமாகவே எண்ணிக்கொள்ளலாகாது. ஆயினும் அவற்றிலும் பறக்கும்போது காற்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தலைக்கு மேலிருக்கும் சிறு காற்றுக்குமிழைக் குளிருக்கு அஞ்சித் திருகி மூடிவிடாமல், முகத்துக்கு முன்னால் இறங்கும்படி திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

தரையில் நிற்கும்போது

அபாயத்தின் உண்மையான இருப்பிடத்தை உலகுக்கு முதலில் தெளிவாகக் காட்டியது, 1977ஆம் ஆண்டில் அலாஸ்காவில் நடந்த ஒரு சம்பவம். 54 பேர் இருந்த ஜெட் விமானம் ஒன்று இயந்திரக் கோளாறினால் தரையிலேயே மணிக்கணக்காக நின்றுவிட்டது. அந்த நேரத்தின் பெரும்பகுதியில் காற்றோட்டக் கருவிகளும் நிறுத்தப்பட்டிருந்தன. ஏறிய சற்று நேரத்துக்கெல்லாம் இன்புளுயன்ஸா ஜுரம் கண்ட ஒரே ஒரு பெண் அதில் இருந்தார். 72 மணி நேரத்துக்குள் உடன் வந்தவர்களில் 100க்கு 72 பேர் படுத்துவிட்டார்கள். உள்ளேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தவர்களிடம் நோய் மிகுதியாகவும், இடையிடையே இறங்கி வெளியே போனவர்களிடம் குறைவாகவும் கண்டது. இதை 1979இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதி வெளியிட்ட பிறகு, விமானம் பறப்பதால் நோய் பரவுகிறதா என்ற கேள்வியைவிட, அதற்குள் காற்று நிற்கிறதா என்ற கேள்வியே முக்கியமாயிற்று. காற்றோட்டமின்றி அரைமணி நேரத்துக்குமேல் விமானம் நிற்க நேர்ந்தால் பிரயாணிகளை இறக்கிவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை.

நம் விமானத்துக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. பெரிய ஜெட் விமானங்களின் வாலில், தரையில் நிற்கும்போது மின்சாரமும் காற்றும் தருவதற்கென்றே ஒரு துணை இயந்திரம் இருக்கும், ஏ.டி.ஆர். விமானத்தில் அது கிடையாது. அதன் வலப்பக்க இயந்திரத்தை, விசிறி மட்டும் சுழலாதபடி தடை போட்டு நிறுத்திக்கொண்டு ஓட்டியோ, தரையிலிருந்து குழாய் கொடுத்தோதான் உள்ளே காற்றைச் செலுத்தவேண்டும். இவ்விரண்டில் ஒன்றும் நடவாதபோது, சித்திரை வெயிலில் நிற்கும் அந்த உலோகக் கூட்டுக்குள் புழுக்கம் எழுவதை எவரும் உணரலாம். அந்தப் புழுக்கத்தைத் தேகத்தின் அசௌகரியமாக மட்டும் கொள்ளாமல், காற்று நின்றுவிட்டது என்பதற்கு அடையாளமாகக் கொண்டு, பணிப்பெண்ணிடம் மரியாதையாகச் சொல்லிக் காற்றைத் திறக்கச் செய்வது பிரயாணியின் உரிமை. அப்படிக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

விமானத்துக்கு வெளியே நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். பை சோதிக்கும் வரிசை, வாயிற்படியில் அழைப்புக்கு முன்பே எழுந்து முண்டும் கூட்டம், சென்னையில் விமானத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே தோளோடு தோள் உரச ஏற்றிச் செல்லும் பேருந்து, இறங்கியபின் பெட்டி வரும் பட்டையைச் சுற்றி நெருங்கி நிற்கும் கால் மணி நேரம் ஆகிய இவற்றில் எதற்கும், பறக்கும்போது கிடைக்கிற காற்றோட்டம் இல்லை. ஒன்றரை மணி நேரப் பிரயாணத்தில் இந்த நேரங்கள் எல்லாம் சேர்ந்து, பறக்கும் நேரத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ ஆகிவிடுகின்றன. குறுகிய பிரயாணத்தின் அபாயம் பெரும்பாலும் அதன் இரு முனைகளில் இருக்கிறது என்பதே நான் அந்தப் பெரியவருக்குச் சொல்லத் தவறிய முதல் விஷயம்.

நடு இருக்கை

2020 மே 25ஆம் தேதி, ரம்ஜான் விடுமுறையாயிருந்தும், உச்ச நீதிமன்றம் கூடி, விமானங்களின் நடு இருக்கையை விற்கலாமா என்ற வழக்கைக் கேட்டது. வெளியே ஆறடி விலகி நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே மட்டும் தோளுரச உட்காரச் சொன்னால், அங்கே தொற்றக்கூடாது என்று கிருமிக்குத் தெரியுமா என்று நீதிபதிகள் கேட்டார்கள். பின்னர் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஜூன் 1ஆம் தேதி பிறப்பித்த உத்தரவில், இயன்றவரை நடு இருக்கையைக் காலியாக விடவேண்டும், இயலாவிடில் அதில் அமர்பவருக்கு முகக்கவசம், முகத்திரை இவற்றோடு உடலைச் சுற்றும் மேலங்கியும் தரவேண்டும் என்று விதித்தது.

வாகைக்குளத்திலிருந்து ஏ.டி.ஆரில் போகிறவர்களுக்கு இந்த வழக்கு எழவேயில்லை. அவ்விமானத்தில் வரிசைக்கு இரண்டும் இரண்டுமாக நான்கே இருக்கைகள். நடு இருக்கை இல்லை. செல்வர் வகுப்பென்று ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்தில் ஒருவர் உண்டு. முன்னும் பின்னும் வரிசைகள் உண்டு. 2003 மார்ச் 15ஆம் தேதி ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங்குக்கு மூன்று மணி நேரம் பறந்த விமானத்தில், சார்ஸ் நோய் கண்ட முதியவர் ஒருவருக்கு முன்னிருந்த மூன்று வரிசைகளில் அமர்ந்த 23 பேரில் 8 பேருக்கு நோய் தொற்றியது. விமானத்தின் மற்ற இடங்களில் விசாரிக்கப்பட்ட 88 பேரில் 10 பேருக்குத் தொற்றியது. நெருக்கம் அபாயத்தை மிகுதிப்படுத்துகிறது என்பதும், தூரமாக உட்கார்ந்தவரும் முற்றிலும் தப்பியவரல்லர் என்பதும் இந்த எண்களில் ஒருங்கே தெரிகின்றன. ஆகவே இருக்கையைத் தேர்ந்தெடுத்ததோடு திருப்தியடைந்து முகக்கவசத்தைக் கழற்றிவிடுவது பேதைமை. ஜன்னலோரம் கிடைத்தால் நலம். அங்கே அமர்ந்தவர் எழுந்து நடப்பதும் குறைவு, நடைவழியில் போவோர் அவரை உரசுவதும் இல்லை.

உணவு விஷயமும் இதைச் சேர்ந்ததே. 2021 ஏப்ரலில், இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த பிரயாணங்களில் உணவு தரலாகாது என்று சர்க்கார் தடுத்ததைச் சிலர் கஞ்சத்தனம் என்று குறை கூறினார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு மெல்லத் தொடங்கும் அந்தக் கால் மணி நேரத்தைத் தவிர்ப்பதற்கான ஏற்பாடு அது. ஒன்றரை மணி நேரத்தில் பசியால் எவரும் வாடிவிடமாட்டார். தண்ணீர் அவசியமானால், பக்கத்திலிருப்பவர் வாயை மூடியிருக்கும் சமயம் பார்த்து இரண்டு மடக்குக் குடிக்கலாம்.

கோயம்புத்தூர் சென்ற பிரயாணி

விமானங்கள் மறுபடி பறந்த அந்த முதல் நாளன்றே, சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு மாலை விமானத்தில் வந்திறங்கிய ஒருவருக்கு, மறுநாள் வெளிவந்த பரிசோதனை முடிவில் தொற்று உறுதியாயிற்று. அவர் விதிகள் எதையும் மீறவில்லை. முகக்கவசமும் முகத்திரையும் கையுறையும் அணிந்திருந்தார் என்றும், அவர் அருகே எவரும் அமர்ந்திருக்கவில்லை என்றும் விமான நிறுவனமே அறிவித்தது. விமானச் சிப்பந்திகள் 14 நாட்கள் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள். நெற்றிக்கு நேரே பிடித்த வெப்பமானியும், அவசரத்தில் நிரப்பிய இ-பாஸ் என்னும் பிரயாண அனுமதிக்கான விண்ணப்பமும் அவரைத் தடுக்கவில்லை என்பதில் ஆச்சரியம் இல்லை. கொரோனாத் தொற்று உள்ளவர், ஜுரம் காண்பதற்கு இரண்டொரு நாள் முன்பாகவே பிறருக்கு நோயைக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். வெப்பமானி ஜுரத்தை அறியும், கிருமியை அறியாது.

நம் கடற்கரைக்கு இந்த அனுபவம் புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் முன்னோர்களை, காலராவும் அம்மையும் கடல் தாண்டிவிடாதபடி, மண்டபம் முகாமில் சில நாட்கள் தங்கவைத்துப் பார்த்த பிறகே கப்பலேற விட்டார்கள். ஏழைகளை மட்டும் அடைத்து வைத்த அந்த ஏற்பாட்டின் கொடுமையை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆயினும் நோயைக் கண்டுபிடிக்கக் கருவியைவிடக் காலமே சிறந்த சோதனை என்ற வைத்திய உண்மை அதில் இருந்தது. ஒரு மணி நேரத்தில் பறந்துவிடுகிற காலத்தில் அந்தக் காத்திருப்பு நமக்கு வாய்ப்பதில்லை. ஆதலால், வாகைக்குளத்தில் நிற்கும் காவலரும் மருத்துவரும் செய்ய இயலாத சோதனையை, புறப்படும் முன் வீட்டிலேயே பிரயாணி தன் மனச்சாட்சியை வைத்துச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எவர் பறக்கலாகாது

தொற்றைப் பிறருக்குக் கொடுப்பது ஒருபுறமிருக்க, நோயாளியின் தேகமே பறப்பதற்குத் தகுதியில்லாமல் போகலாம். விமானத்தின் உள்ளே காற்றின் அழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதுபோல் இருப்பதில்லை. உயரப் பறக்கும்போது அது 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் உள்ளதற்குச் சமமாகலாம். அதாவது, தரைமட்டத்தில் ஏறியவர் சிறிது நேரத்தில் கொடைக்கானலிலோ உதகமண்டலத்திலோ நிற்கும் நிலைமையை அடையக்கூடும். திடகாத்திரமானவருக்கு இரத்தத்திலுள்ள பிராணவாயு சற்றே குறையும், அதை அவர் தம்மை அறியாமலே சமாளித்துக்கொள்வார். நுரையீரலில் சளி கட்டியவருக்கும், பிராணவாயுவை அளக்கும் விரல்நுனிக் கருவியில் தரையிலேயே 92 சதவீதத்துக்குக் கீழே காட்டுகிறவருக்கும் அது மூச்சுத்திணறலாக முடியலாம். இத்தகையோரும், அண்மையில் நெஞ்சுவலி கண்டவரும் வைத்தியரைக் கேளாமல் ஏறலாகாது.

சாதாரண ஜலதோஷத்தையும் அலட்சியம் செய்யவேண்டாம். மூக்கடைத்திருப்பவரின் காதுக்கும் தொண்டைக்கும் இடையிலுள்ள குழாய் வீங்கி அடைபட்டிருப்பதால், விமானம் இறங்கும்போது செவிப்பறை உள்நோக்கி இழுக்கப்பட்டுத் தாங்கமுடியாத வலி உண்டாகிறது. குழந்தைகள் இறங்கும் வேளையில் வீறிட்டு அழுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பால்குடிக் குழந்தைக்கு அப்போது பால் கொடுத்தால், விழுங்கும்தோறும் குழாய் திறந்து வலி தணியும்.

இறங்கும் பத்து நிமிஷம்

சக்கரம் தரையைத் தொட்டதுமே எல்லோரும் எழுந்து, மேல்தட்டிலிருந்து பையை இழுத்து, ஒருவர் முதுகில் மற்றொருவர் மூச்சுவிட நடைவழியில் நெருக்கி நிற்பது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். பறக்கும் காலத்துக் காற்றோட்டம் தணிந்திருக்கும் வேளையும், மனிதர் மிக நெருங்கி நிற்கும் வேளையும் ஒன்றாகக் கூடுவது இந்தப் பத்து நிமிஷத்தில்தான். கதவு திறந்து, தன் வரிசைக்கு முன்னிருப்பவர் நகரும்வரை உட்கார்ந்தே இருப்பவருக்குப் பத்து நிமிஷத்தில் எதுவும் குடிமுழுகிப் போவதில்லை, ஏ.டி.ஆரில் பின்கதவு வழியாக இறங்குவதால் முன்வரிசைக்காரர்கள் இன்னும் சற்றுப் பொறுக்கவேண்டும், அவ்வளவே.

2022 நவம்பரில் விமானங்களில் முகக்கவசக் கட்டாயம் நீக்கப்பட்டு, அது அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. 2025 ஜூலையில் தூத்துக்குடியில் விசாலமான புதிய முனையம் திறக்கப்பட்டு, ஓடுபாதையும் பெரிய ஜெட் விமானங்கள் இறங்கும்படி நீட்டப்பட்டிருப்பதால், நடு இருக்கை என்ற அந்தப் பழைய கேள்வி இனி நம் வாசலுக்கும் வரும். அடுத்த நோய்ப்பீதி எந்தப் பெயரில் வந்தாலும், நான் எங்கள் ஊர்க்காரர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது ஒன்றே: ஜுரமோ இருமலோ கண்டிருந்தால், கட்டிய பயணச்சீட்டுப் பணம் திரும்பி வராவிட்டாலும், அந்த விமானத்தில் ஏறாதீர்கள். உங்களுக்குப் பக்கத்து இருக்கையில், சென்னை ஆஸ்பத்திரிக்கு நாள் குறித்துக்கொண்டு, ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கக்கூடும்.