மஞ்சள் தண்ணீரில் விழும் சூரியன்

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணிவாக்கில் கோவையிலும் திண்டுக்கல்லிலும் சூரியன் நெருப்பு வளையமாக நின்றது. கிரகணம் என்றால் வாசலில் தாம்பாளம் வைத்து, மஞ்சள் கரைத்த தண்ணீரில் தெரியும் பிம்பத்தைக் குனிந்து பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். நேராகத்தான் பார்க்கவில்லையே, பிறகென்ன பயம் என்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் வரும். உச்சியில் நிற்கும் சூரியனின் ஒளியில் சுமார் 2 சதவீதத்தைத் தண்ணீர்ப் பரப்பு திருப்பி அனுப்பும். காலைச் சூரியன்போல் சாய்ந்திருந்தால் இன்னும் கூடுதல். ஐஎஸ்ஓ 12312-2 தரத்தில் செய்த கிரகணக் கண்ணாடி உள்ளே விடுவதோ அதிகபட்சம் 0.0032 சதவீதம். தாம்பாளத்திலிருந்து கண்ணுக்கு வருவது அதைப்போல் 600 மடங்குக்கும் மேல். மஞ்சளோ சாணமோ கரைப்பதால் மேற்பரப்பின் பளபளப்பு போய்விடாது.

கிரகணச் சூரியன் புதிதாக எந்த விஷக் கதிரையும் உமிழ்வதில்லை. மற்ற நாளில் அண்ணாந்து பார்த்தால் கண் கூசி, நீர் முட்டி, முகம் தானாகத் திரும்பிவிடும். முக்கால்வாசியை நிலா மறைத்ததும் அந்தக் கூச்சம் தணிகிறது. உற்றுப் பார்க்க முடிகிறது. வினையே அங்கேதான். மிஞ்சியிருக்கும் பிறையின் ஒவ்வொரு துளியும் முழுச் சூரியனின் பிரகாசத்தோடு எரிகிறது. விழித்திரையில் அதன் பிம்பம் கால் மில்லிமீட்டர்கூட இராது. ஆனால் அது விழும் இடம், எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் நமக்கு உதவும் நடுக்குழி. ஒளி தூண்டும் வேதிமாற்றம் அங்குள்ள செல்களைச் சிதைக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால் அப்போதைக்கு ஒன்றும் உறைக்காது. சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ பார்வையின் நடுவில் ஒரு மங்கல் தென்படும். சிலருக்கு மாதக்கணக்கில் மெல்லத் தெளியும், சிலருக்குத் தங்கிவிடும். இதைக் குணப்படுத்த உறுதியான மருந்து இல்லை.

எக்ஸ்ரே ஃபிலிம், கரி படிந்த கண்ணாடி, இரண்டு கூலிங் கிளாஸ் எல்லாம் இருட்டைக் காட்டி ஏமாற்றுபவை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் அவற்றில் புகுந்து வரலாம். வெல்டிங் கண்ணாடி என்றால் 14-ஆம் எண் நல்லது. கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பது கூடவே கூடாது. குவிந்த ஒளி வடிகட்டியையே பொசுக்கிவிடும். முழுக் கிரகணத்தில் சூரியன் அடியோடு மறையும் சில நிமிடம் வெறுங்கண்ணால் பார்க்கலாம். வளையக் கிரகணத்தில் அந்தச் சலுகை ஒரு நொடிக்கும் கிடையாது.

எனக்குப் பிடித்த கருவி சமையலறையில் இருக்கிறது: ஜல்லிக்கரண்டி. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தலைக்கு மேல் அதைத் தூக்கிப் பிடித்துத் தரையைப் பாருங்கள். ஓட்டைக்கு ஒரு பிறை விழுந்திருக்கும். ஒரு மீட்டர் தூரத்துக்குப் பிம்பம் 9 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். தூரம் கூடக்கூடப் பெரிதாகும். கரண்டியும் இல்லையென்றால் வேப்பமரத்தடிக்குப் போங்கள், இலையிடுக்கெல்லாம் அதே வேலையைச் செய்யும்.

அடுத்து தென் தமிழகத்தில் வளையம் தெரியப்போவது 2031 மே 21-ல். 2019-ல் வாங்கிய கண்ணாடி பீரோவில் கிடந்தால் வீட்டுக்குள் அணிந்து டியூப்லைட்டைப் பாருங்கள். அறை பளிச்சென்று தெரிந்தாலோ, எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் கசிந்தாலோ, அதை வெட்டிக் குப்பையில் போடுங்கள். அப்படியே போட்டால் பிள்ளைகள் எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.