பாடத்துக்கொரு வகுப்பு

மாணவன் ஒருவன் கணக்கில் வல்லவன், இலத்தீனில் மந்தன். அவனை எவ்வகுப்பில் இருத்துவது? ஜேர்மனியின் ஹாலே நகரில் 300 ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு விடை கண்டனர்.

லுத்தரன் சபைக் குருவான ஆகுஸ்ட் ஹெர்மான் பிராங்கே 1695ஆம் ஆண்டில் அந்நகரை அடுத்த கிளௌகாவில் ஏழைப் பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கினார். எழுத்தறியாச் சிறுவர் முதல் பல்கலைக்கழகம் புகவிருக்கும் இளைஞர்வரை பயிலும் கல்விச்சாலைகளாக அது விரிந்தது. ஏழையர் பள்ளியிற் சமயம், வாசிப்பு, எழுத்து, கணக்கு என்பன கற்பிக்கப்பட்டன; இலத்தீன் பள்ளியிற் பண்டைமொழிகள் முதன்மை பெற்றன; உயர்குடியினர் பள்ளியிலோ அவற்றோடு பிரெஞ்சு, புவியியல், வரலாறு, தாவரவியல், கடைசல் வேலை ஆகியனவும் இடம்பெற்றன.

மேற்பள்ளிகளிற் பாடந்தோறும் தேர்ச்சிக்கேற்ப வகுப்புப் பிரித்தனர். கணக்கில் மேல்வகுப்பினன் இலத்தீனிற் கீழ்வகுப்பில் அமரலாம். ஒன்றில் தளர்ந்தமையால் மற்றொன்றில் அவன் முன்னேற்றம் தடைப்படவில்லை.

ஆயினும், எப்பள்ளியிற் சேர்வது என்பதைப் பெரும்பாலும் பிறப்பே தீர்மானித்தது. அவ்வேலியிலும் ஒரு வாயில் இருந்தது: பிராங்கேயின் அநாதை விடுதியில் வளர்ந்தோருள் அறிவிற் சிறந்த சிறுவர் இலத்தீன் பள்ளியிற் சேர்க்கப்பட்டனர்.

1727இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ 2,200 பிள்ளைகள் அங்கே பயின்றனர். பிள்ளையை எல்லாப் பாடங்களுக்கும் ஒரே கோலால் அளக்கும் பாடசாலைகள் அவர்தம் முறையை இன்றும் எண்ணிப் பார்த்தல் தகும்.